குமரி மாவட்டத்தில் முதன்முதலாக வீடு கட்டுவோருக்கு: நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுப்பது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்கள் வழக்கமாக மூன்று பேரிடம் பேசுகின்றன: பிளான் வரைபவர், கான்ட்ராக்டர், வங்கிக் கடன் அதிகாரி. பில்லருக்குள் எத்தனை கம்பி போக வேண்டும், அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எவ்வளவு நெருக்கமாக வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய நான்காவது ஆள், அதாவது கட்டமைப்புப் பொறியாளர், அந்தப் பேச்சில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவருடைய வேலையைக் கான்ட்ராக்டர் தம் அனுபவத்தை வைத்துச் செய்துவிடுகிறார். கேட்டால், “இத்தனை வருடத்தில் நான் கட்டிய வீடு ஒன்றாவது விழுந்திருக்கிறதா?” என்பார். விழவில்லைதான். ஆனால் அந்த வீடுகள் இதுவரை தாங்கியிருப்பது மேலிருந்து கீழே இறங்கும் பாரத்தை மட்டுமே. நிலநடுக்கம் பக்கவாட்டில் தள்ளும். அப்படி ஒரு தள்ளலை அவை இன்னும் சந்திக்கவில்லை.

முதல் வீடு கட்டுபவர்களையும், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி மைத்துனரையோ அப்பாவையோ மேற்பார்வைக்கு நிறுத்தியிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டமைப்புக் கணக்கை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. யாரிடம் என்ன கேட்பது, எந்த நாளில் வேலையிடத்தில் நிற்பது என்று தெரிந்தால் போதும்.

நம் ஊரில் நிலநடுக்கமா?

நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893. அதன் 2016 பதிப்பு நாட்டை 2 முதல் 5 வரை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது; எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். தமிழ்நாட்டில் 2-ஆம் மண்டலமும் உண்டு, 3-ஆம் மண்டலமும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளம் முழுவதும் 3. மாநில எல்லைக்கல் நிலத்தடிப் பாறைக்குத் தெரியாது. எனவே உங்கள் மனை குமரி மாவட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும் 3-ஆம் மண்டலம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. தனி வீட்டில் இதனால் கூடும் கம்பிச் செலவு, முகப்பு அலங்காரத்துக்கு நாம் கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் தொகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தர விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன என்பதால், எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றினார் என்பதையும் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

“இங்கெல்லாம் வராது” என்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் கில்லாரியை நினைவூட்டலாம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கே நிலம் குலுங்கியபோது, அந்தப் பகுதி அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த 1-ஆம் மண்டலத்தில் இருந்தது. மண்சாந்து வைத்துக் கட்டிய தடித்த கல்சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் மேல் சரிந்தன. 2002 திருத்தத்தில் 1-ஆம் மண்டலம் என்ற பிரிவே நீக்கப்பட்டது. நமக்குப் பக்கத்திலும் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பகுதியில் ரிக்டர் அளவில் 6 அளவுக்கு ஒரு நடுக்கம் பதிவாகியிருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஐ இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அன்று கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் உயிர்களைக் கொண்டுபோனது சுமத்ராவில் எழுந்த நடுக்கம் அனுப்பிய அலை. பில்லரில் ரிங் நெருக்கமாகக் கட்டுவது அலைக்கு மருந்தாகாது. அதற்குக் கடலிலிருந்து தூரமும், நிலத்தின் உயரமும், காலத்தில் கிடைக்கும் எச்சரிக்கையும்தான் வழி. கரையோரத்தில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

முதலில் மண்

வீட்டின் பிளானைப் பற்றிப் பேசுவதற்கு முன் மனையைப் பற்றிப் பேச வேண்டும். நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் பல விதமான நிலத்தைப் பார்த்துவிடலாம்.

நாஞ்சில் நாட்டில் இன்று விற்கப்படும் மனைகளில் பல நேற்றுவரை நெல் விளைந்த வயல்கள். மலையடிவாரத்திலிருந்து லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, சாலை மட்டத்துக்கு உயர்த்தி, கல் நட்டு விற்கிறார்கள். மேலே பார்த்தால் கெட்டியான சிவப்பு மண். கீழே வயலின் களி, அதற்குச் சற்றுக் கீழே தண்ணீர். கொட்டிய மண்ணின் மேலேயே அஸ்திவாரத்தை நிறுத்தினால், நிலநடுக்கம் வராமலே சில மழைக்காலங்களில் வீடு ஒரு பக்கமாக இறங்கத் தொடங்கும். அஸ்திவாரம் நிரப்பு மண்ணைக் கடந்து பழைய நிலத்தைத் தொட வேண்டும். அந்தப் பழைய நிலமும் மென்களி என்றால் எவ்வளவு ஆழம் போவது, பில்லருக்கு அடியில் வரும் தனித்தனிப் புட்டிங் போதுமா, அவற்றையெல்லாம் பீமால் இணைக்க வேண்டுமா, ஆழத்துக்கு இறக்கும் பைல் தூண்கள் தேவையா என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். மனை வாங்கும்போது அந்த இடம் முன்பு வயலா, குளமா, வாய்க்காலா என்று பக்கத்து வீட்டு முதியவரிடம் விசாரியுங்கள். ஆவணங்கள் சொல்லாததை அவர் சொல்வார்.

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் போன்ற கடலோரங்களில் வேறு பிரச்சினை. தண்ணீர் நிறைந்த தளர்ந்த மணல், அதிர்வு வரும்போது தன் பிடிமானத்தை இழந்து குழம்பாகிவிடும். மேலே நிற்பது சாயும் அல்லது அமிழும். மணல் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்ற இரண்டும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

குலசேகரம், அருமனை பக்கம் மேடும் பள்ளமுமான ரப்பர் நிலம். அங்கே சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் நிரப்பிச் சமதளமாக்குவார்கள். வீட்டின் பாதி கெட்டி மண்ணிலும் பாதி நிரப்பு மண்ணிலும் நிற்கும். இதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். முடியாவிட்டால் எல்லாப் புட்டிங்கும் இயற்கை மண்ணைத் தொடும் ஆழத்துக்குப் போக வேண்டும். பின்பக்கம் வெட்டிய சரிவைத் தாங்கும் சுவரையும் வீட்டின் கணக்கிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கருங்கல்லை அடுக்கிக் காம்பவுண்டு சுவர் போலக் கட்டி, தண்ணீர் வெளியேறத் துளைகூட விடாமல் முடித்துவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழையில் முதலில் சரிவது அதுதான். நடுக்கத்திலும் அதுதான் முதலில் போகும்.

பரிசோதனை என்பது துளையிட்டு, குறிப்பிட்ட ஆழங்களில் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து, எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணுவது. அறிக்கையில் இந்த எண்கள், நீர்மட்டம், மண் தாங்கும் திறன், பரிந்துரைக்கும் அஸ்திவார வகை ஆகியவை இருக்க வேண்டும். பொறியாளர் மனைக்கு வராமலே, “இந்த ஏரியாவில் எல்லாம் 5 அடி போதும்” என்றால் அவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.

அனுமதி பற்றி இரண்டே வரி. தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்கள் இருக்கின்றன. கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றை விசாரித்துவிடுங்கள்.

பிளான் பாஸ் ஆனால் போதாதா?

போதாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் ஏமாறுகிறார்கள். வரைபட அனுமதியில் முக்கியமாகப் பார்க்கப்படுவது எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், எவ்வளவு பரப்பு, எவ்வளவு உயரம், சாலை அகலம் என்ன என்பவைதான். உங்கள் பில்லருக்குள் இருக்கும் கம்பியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, உரிமையாளரின் சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பும் உங்களுடையதே.

எனவே பிளான் வரைபவர் வேறு, கட்டமைப்புப் பொறியாளர் வேறு என்று பிரித்துப் பாருங்கள். இருவரும் ஒரே அலுவலகத்தில் இருக்கலாம், தவறில்லை. ஆனால் கணக்கைப் போட்டவர் யார், அதற்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ் பொறியாளர்களும் கட்டமைப்புப் பொறியாளர்களும் தனித்தனியே பதிவு செய்துகொள்கிறார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள், காலாவதி ஆகவில்லையே என்று பாருங்கள். நல்ல பொறியாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கட்டணத்தைச் சதுர அடிக்கு இவ்வளவு என்றோ மொத்தமாகவோ பேசுவார்கள். எப்படிப் பேசினாலும், வேலையிடத்துக்கு எத்தனை முறை வந்து பார்ப்பார் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். படம் மட்டும் கொடுத்துவிட்டு வராமல் இருப்பவரைவிட, கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு நான்கு முறை வந்து பார்ப்பவர் மேல்.

கணக்கில் வகுக்கும் எண் 5

கணக்கைக் கற்க வேண்டியதில்லை என்று சொன்னேன். ஆனாலும் ஒரே ஒரு கணக்கைக் காட்டிவிடுகிறேன்; ரிங்கைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்பது அப்போதுதான் புரியும்.

மாடி வைத்த வீடொன்றின் எடை 200 டன் என்று வைத்துக்கொள்வோம். 3-ஆம் மண்டலத்தில், உயரம் குறைந்த காங்கிரீட் சட்டக வீட்டுக்கு (பில்லரும் பீமும் சேர்ந்து தாங்கும் வீடு), 2016 பதிப்பின்படி கணக்கு இப்படிப் போகும்: மண்டலத்துக்கான எண் 0.16, அதில் பாதி 0.08, அதை 2.5-ஆல் பெருக்கினால் 0.2, அதை 5-ஆல் வகுத்தால் 0.04. அதாவது எடையில் 4 விழுக்காடு. 8 டன் பக்கவாட்டு விசைக்கு வீட்டை வடிவமைக்கிறார்கள்.

ஏன் 5-ஆல் வகுக்கிறார்கள்? பலமான குலுக்கலில் உண்மையாக வரும் விசை இந்த 8 டன்னைவிடப் பல மடங்கு. அதற்கு முழுவதும் ஈடுகொடுக்கும்படி கட்டினால் செலவு தாங்காது. எனவே கட்டடம் விரிசல் விடலாம், வளையலாம், ஆனால் நொறுங்கி விழக்கூடாது; உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர வேண்டும் என்பதே விதியின் நோக்கம். வளைந்துகொடுக்கும் அந்தத் தன்மையை நம்பித்தான் விசையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். அந்தத் தன்மை எங்கிருந்து வருகிறது? ஐஎஸ் 13920 என்ற இன்னொரு விதி சொல்லும் கம்பி வேலையிலிருந்து. அந்த வேலையைச் செய்யாத சாதாரணச் சட்டகத்துக்கு வகுக்கும் எண் 3-ஆகிவிடும். அப்படிப்பட்ட சட்டகத்தை 3-ஆம் மண்டலத்தில் விதி அனுமதிப்பதே இல்லை. கம்ப்யூட்டரில் 5 போட்டுக் கணக்கெடுத்துவிட்டு, வேலையிடத்தில் வழக்கம்போல ரிங் கட்டினால், கணக்கு ஒரு வீட்டுக்கு, குடியிருப்பது வேறொரு வீட்டில்.

பொறியாளரிடம் முதல் சந்திப்பிலேயே, “எங்கள் வீட்டுக்கு எத்தனையால் வகுத்தீர்கள்? படத்தில் 13920-இன்படி ரிங் காட்டியிருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

வடிவத்தில் செய்யும் பிழையைக் கம்பியால் சரிசெய்ய முடியாது

பிளான் முடிவாவதற்கு முன்பே கட்டமைப்புப் பொறியாளர் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். நம் பக்கம் அடிக்கடி காணும் சிலவற்றைச் சொல்கிறேன்.

சாலையோர மனை என்றால் கீழே கடை, மேலே வீடு. கடையின் முன்பக்கம் முழுவதும் ஷட்டர், சுவரே இல்லை. மேலே அறை அறையாகச் சுவர். கீழ்த்தளம் இளகியது, மேல்தளம் விறைப்பானது. குலுங்கும்போது ஆட்டமெல்லாம் கீழ்த்தளப் பில்லர்களில் குவியும். கார் நிறுத்தத்துக்காகத் தரைத்தளத்தைத் திறந்துவிடுவதும் இதே கதைதான். 2001 ஜனவரி 26-இல் புஜ் பக்கம் நடுக்கம் வந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழே கார் நிறுத்தத்துக்காகத் திறந்துவிட்டவை அவற்றில் பல. கடை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதுதான் பலருக்குப் பிழைப்பு. கீழ்த்தளம் திறந்திருக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்து அந்தப் பில்லர்களைப் பெரிதாக்கவும், பக்கங்களிலும் பின்புறத்திலும் காங்கிரீட் சுவர் வைக்க முடியுமா என்று பார்க்கவும் சொல்லுங்கள்.

சரிவான மனையில் முன்பக்கப் பில்லர் 15 அடி, பின்பக்கப் பில்லர் 5 அடி என்று வரும். நீளமானதுதான் ஆபத்து என்று தோன்றும். உண்மை நேர்மாறு. குட்டையானது விறைப்பாக நிற்பதால் விசையின் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொண்டு, குறுக்காக வெட்டுப்பட்டு உடையும். அதன் முழு உயரத்துக்கும் ரிங் நெருக்கமாக வர வேண்டும்.

மேல்தளத்தில் அறையைச் சற்று வெளியே தள்ளி, பில்லரைக் கீழ்ப்பில்லரின் மேல் வைக்காமல் பீமின் நுனியில் உட்கார வைப்பது அடுத்தது. அழகுக்காகச் செய்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில்லர் அஸ்திவாரம் வரை ஒரே கோட்டில் இறங்க வேண்டும்.

பில்லர் சுவருக்குள் மறைய வேண்டும் என்ற நம் ஆசையும் ஒரு தொல்லை. 9 அங்குலச் சுவருக்கு 9 அங்குலப் பில்லர் என்று கேட்டு வாங்குகிறோம். 13920-இன் 2016 பதிப்பு, பில்லரின் எந்தப் பக்கமும் 300 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது. அதாவது கிட்டத்தட்ட 12 அங்குலம். அறை மூலையில் 3 அங்குலம் துருத்திக்கொண்டிருக்கட்டும். அங்கே ஓர் அலமாரியை வைத்தால் தெரியாது.

மாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டியையும் மறந்துவிடுவார்கள். 1,000 லிட்டர் என்றால் 1 டன், அதுவும் வீட்டின் உச்சியில். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைக்காமல், பில்லருக்கு மேல் காங்கிரீட் மேடையில் நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள்.

கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

மண் அறிக்கை; மண்டலம், விதிப் பதிப்பு, காங்கிரீட் தரம், கம்பித் தரம் ஆகியவற்றைச் சொல்லும் வடிவமைப்புக் குறிப்பு; புட்டிங், பில்லர், பீம், தளம், மாடிப்படி ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்ட கம்பிப் படம்; கம்பி வளைப்புப் பட்டியல். வளைகுடாவில் இருப்பவர்கள் இவற்றின் நகலைத் தங்கள் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவர் அனுப்பும் புகைப்படத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: பொறியாளர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே காங்கிரீட் போட வேண்டும். இந்த ஒரு வரிக்கு மற்றப் பக்கங்கள் எல்லாம் ஈடாகாது.

கம்பி கட்டி முடித்த மாலை

நீங்கள் வேலையிடத்தில் நிற்க வேண்டியது பூமி பூஜை நாளில் அல்ல. காங்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை. டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் கம்பி கட்டுபவர்களோடு மனக்கசப்பு வராது.

முதலில் ரிங்கின் கொக்கி. ரிங்கின் இரு முனைகளும் 135 பாகை வளைந்து, பில்லரின் உட்பக்கம் நோக்கி நுழைந்திருக்க வேண்டும். வளைவுக்குப் பின் நீளும் வால் 65 மி.மீ.க்குக் குறையக்கூடாது. நம் பக்கத்தில் வழக்கமாக 90 பாகையில் மடக்கி விடுகிறார்கள். வேகமாகக் கட்டலாம் என்பதுதான் காரணம். குலுக்கலில் பில்லரின் வெளிப்புறக் காங்கிரீட் உதிர்ந்ததும் 90 பாகைக் கொக்கி பிரிந்து, கயிறு அவிழ்ந்த விறகுக்கட்டு போல நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கிவிடும். உள்ளே வளைந்த கொக்கி பிடியை விடாது. இதற்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. கொஞ்சம் கூடுதல் பொறுமைதான் தேவை.

அடுத்தது இடைவெளி. பில்லரின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் ரிங் நெருக்கமாக வேண்டும். 300-க்கு 450 மி.மீ. பில்லர், 16 மி.மீ. கம்பி, 3 மீட்டர் உயரம் என்றால், இரு நுனியிலும் 500 மி.மீ. நீளத்துக்கு 75 மி.மீ.க்கு ஒரு ரிங். நடுப்பகுதியில் 150 மி.மீ. வரை போகலாம். உங்கள் படத்தில் உள்ள எண் வேறாக இருக்கலாம். படத்தைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் ரிங் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பீமும் பில்லரும் சந்திக்கும் முடிச்சில் ரிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே கம்பி நெரிசல் அதிகம், கை நுழையாது. அதனாலேயே அங்கு மட்டும் ரிங்கை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. நடுக்கத்தில் அதிகம் உழைக்க வேண்டிய இடம் அதுதான்.

பில்லர் கம்பியின் இணைப்பு, அதாவது லேப், வழக்கமாகத் தளத்துக்குச் சற்று மேலே இருக்கும். வேலைக்கு அதுதான் வசதி. 13920 அதைப் பில்லர் உயரத்தின் நடுப்பாதியில் வைக்கச் சொல்கிறது. எல்லாக் கம்பிகளையும் ஒரே மட்டத்தில் இணைக்கவும் கூடாது. இதற்கு நீளமான கம்பியை நிறுத்தித் தாங்க வேண்டியிருப்பதால் கான்ட்ராக்டர் முனகுவார். முனகட்டும்.

கம்பியில் தரம் அச்சடித்திருக்கும். 500 என்ற எண்ணுக்குப் பின் ‘டி’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது அதிகம் நீளக்கூடிய கம்பி, அறுந்துபோகாமல் இழுபடும்.

கடைசியாக கவர். கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையிலான தடிமன் இது. உள்நாட்டில் பில்லருக்கு 40 மி.மீ. என்றால், உப்புக்காற்று நேரடியாக வீசும் கடலோரத்தில் காங்கிரீட்டுக்கான விதி ஐஎஸ் 456 கேட்பது 45 மி.மீ. கவரும் எம்30 தரக் காங்கிரீட்டும் (எம்-க்குப் பின்னுள்ள எண் கூடினால் பலம் கூடும்). கடல் நீர்த் திவலை தெறிக்கும் இடத்தில் 50 மி.மீ., எம்35. இந்த இடைவெளியைக் காக்கக் கம்பிக்கு வைக்கும் கட்டைதான் கவர் பிளாக்; உடைந்த ஓடும் ஜல்லியும் கவர் பிளாக் ஆகாது.

ஒவ்வொன்றிலும் டேப்பை வைத்தபடியே புகைப்படம் எடுத்துப் பொறியாளருக்கு அனுப்புங்கள். காங்கிரீட் மூடிவிட்ட பிறகு இவற்றைப் பார்க்க வழியே இல்லை.

காங்கிரீட் போடும் நாள்

மிக்சர் மெஷினில் தண்ணீர் ஊற்றுபவரைக் கவனியுங்கள். எம்25 காங்கிரீட்டுக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. மணலில் இருக்கும் ஈரமும் அதற்குள் அடக்கம். ஓடினால்தான் வேலை எளிது என்று குடம் குடமாக ஊற்றுவார்கள். இளக்கம் தேவையென்றால் அதற்கான கலவை மருந்து இருக்கிறது, பொறியாளர் சொல்வார். எம்20-க்கு மேற்பட்ட தரத்துக்கு ‘ஒன்றுக்கு ஒன்றரை மூன்று’ என்ற வாய்ப்பாடு செல்லாது. கலவையை ஆய்வகத்தில் வடிவமைக்க வேண்டும், அல்லது தயார் நிலைக் காங்கிரீட்டைத் தரம் எழுதி வாங்க வேண்டும்.

கடல் மணல் கூடவே கூடாது. கரையோரக் கிணற்று நீர் உவர்த்தால், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இல்லை என்று சோதித்த பிறகே காங்கிரீட்டுக்குப் பயன்படுத்துங்கள். 150 மி.மீ. காங்கிரீட் கட்டைகள் மூன்றை அங்கேயே வார்த்து, 28-ஆம் நாள் அழுத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளில் இதற்கான எந்திரம் இருக்கும்; கட்டணத்துக்குச் செய்து தருவார்களா என்று விசாரியுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், தோவாளை பக்கம் கட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று: காற்றாலையைச் சுழற்றும் அந்தக் காற்று, புதிதாகப் போட்ட தளத்தின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். போட்ட சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். முடிந்தால் காற்று அடங்கிய வேளையில் வேலையைத் தொடங்குங்கள், முடித்ததும் ஈரச் சாக்கால் மூடுங்கள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமென்ட் என்பதால் 14 நாள் நனைப்பது நல்லது.

பில்லர் இல்லாத வீடு

எல்லோருக்கும் காங்கிரீட் சட்டகம் தேவையில்லை. ஒரு தளம், அளவான அறைகள் என்றால் செங்கல்லிலோ கட்டைக் கல்லிலோ சுவர் தாங்கும் வீடு கட்டலாம். இதற்கான விதி ஐஎஸ் 4326. அது கேட்பது முக்கியமாகச் சுவரைச் சுற்றி ஓடும் காங்கிரீட் பட்டைகள்: அஸ்திவார மட்டத்தில் ஒன்று, கதவு ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரை மட்டத்தில் ஒன்று. கதவுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டு நிறுத்தாமல் வீட்டைச் சுற்றி எல்லாச் சுவர்களிலும் இடைவிடாமல் ஓட வேண்டும், 75 மி.மீ. தடிமன், உள்ளே இரண்டு கம்பி, மூலையில் கம்பி திரும்பி அடுத்த சுவருக்குள் போக வேண்டும். சுவர் சந்திக்கும் மூலைகளில் அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை நெட்டுக்கம்பி. ஹாலோ பிளாக் என்றால் மூலைக் குழிக்குள் கம்பி இறக்கிக் காங்கிரீட்டால் நிரப்பிவிடலாம். ஜன்னலை மூலைக்கு ஒட்டி வைக்காதீர்கள்.

ஓட்டு வீட்டின் கூரை எடை குறைவு, அது நல்லது. பிரச்சினை பக்கவாட்டில் தனியாக நிற்கும் முக்கோணச் சுவர். அதன் சரிவோரத்திலும் ஒரு பட்டை போட்டு, கூரை மரத்தோடு கட்டிவிட வேண்டும்.

பழைய வீட்டை வாங்குபவர்களும் மாடி எழுப்புபவர்களும்

கடலோரப் பழைய வீடுகளில் பில்லரிலும் சன்ஷேடிலும் பழுப்புக் கறை, கம்பியின் நீளவாக்கில் ஓடும் விரிசல், தட்டினால் பொள்ளென்ற ஓசை இவை மூன்றும் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருப்பதன் அடையாளம். மேலே சிமென்ட் பூசி வர்ணம் அடிப்பது விற்பவரின் வேலை. வாங்குபவர் ஒரு பொறியாளரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். காங்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை அறியும் சுத்தியல் சோதனை, உள்ளே ஒலி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்கும் சோதனை, கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பைக் காட்டும் மின்னழுத்தச் சோதனை, தேவைப்பட்டால் சிறு உருளையை வெட்டியெடுத்து அழுத்திப் பார்ப்பது என்று பல வழிகள் உண்டு. பழைய காங்கிரீட் கட்டடத்தை மதிப்பிட்டு வலுப்படுத்த ஐஎஸ் 15988 என்ற தனி விதி 2013-இல் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் இடிக்க வேண்டியதில்லை. பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி உறை போடுவது போன்ற வழிகள் இருக்கின்றன. சுவர் தாங்கும் வீட்டில் முன் சுவரை எடுத்துக் கடை ஆக்குவதை மட்டும் பொறியாளர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

மாவட்டம் முழுவதும் மொட்டை மாடிகளில் வானத்தைப் பார்த்து நிற்கும் கம்பிகளைக் காணலாம். பின்னால் மாடி எழுப்புவோம் என்று விட்டவை. பத்து வருட உப்புக்காற்றுக்குப் பிறகு அவற்றின் அடிப்பகுதி அரித்து மெலிந்திருக்கும். அதில்தான் புதுக் கம்பியை இணைத்து மேலே போவார்கள். மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் இன்றே பொறியாளரிடம் சொல்லுங்கள். புட்டிங்கும் பில்லரும் அதற்கேற்பக் கணக்கிடப்படும். வெளியே நிற்கும் கம்பிக்குச் சிமென்ட் பால் பூசி, பின்னால் உடைத்தெடுக்கக்கூடிய பலம் குறைந்த காங்கிரீட்டால் மூடி, மேலே தண்ணீர் இறங்காதபடி சரிவு வைத்துவிடலாம். மண் அறிக்கை, கம்பிப் படம், கட்டைச் சோதனை முடிவு, புகைப்படங்கள் எல்லாவற்றையும் பத்திரம் இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். மாடிக்குக் கணக்குப் போட வரும் பொறியாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்; இல்லையென்றால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதிலிருந்து அவர் தொடங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.